வேணாம் அக்கா

வலது கையை மணிக்கட்டு வரை ஒரு சின்னப் பூட்ஸுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே, "உள்ள பாதி பிஸ்கட்டு. எந்தப் பிள்ளை ஒளிச்சு வச்சுதோ, தேடியிருக்கும் பாவம்" என்கிறார். பிஸ்கட் குப்பைக்குப் போகிறது. பூட்ஸ் தன் ஜோடிக்காக மேசை மேல் காத்திருக்கிறது. கை அடுத்த பெட்டிக்குள் போய்விட்டது.

அவருடைய பெயரைக் கேட்டால் அந்த நிவாரணக் கிடங்கில் பாதிப் பேர் முழிப்பார்கள். 'வேணாம் அக்கா' என்று கேட்டால் வாட்ச்மேன் எழுந்து வந்து வழி காட்டுவார். பாலத்துக்கு அந்தப் பக்கம், சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட குழந்தைகளுக்காக ஊரார் அனுப்பும் பெட்டிகளைப் பிரித்து, போகலாம், வேணாம் என்று இரண்டு குவியலாகப் போடுவது அவர் வேலை. வேணாம் குவியல் எப்போதும் கூரையைத் தொடப் பார்க்கும்.

பத்திரிகைக்காக அக்காவைப் பற்றி எழுதப் போன நான், மனிதர்களின் கருணை எல்லையற்றது என்பதைக் கண்ணாரக் கண்டது அங்கேதான். குதிகால் உயர்ந்த செருப்பு. நீச்சல் உடை. போன வருடத்து டைரி. பட்டினி கிடக்கும் பிள்ளைகளுக்கென்று யாரோ ஒரு புண்ணியவதி அன்போடு அனுப்பிய, உடம்பை இளைக்க வைக்கும் தேநீர்ப் பொடி, நாற்பது டப்பா. ஒரு கோட்டுப் பையில் பல் செட்டு ஒன்று கிடைத்ததாம். "சிரிச்ச முகமா அனுப்பியிருக்காங்க" என்றார் அக்கா. குப்பைத்தொட்டி வரை நடக்கச் சோம்பல்படுகிறவர்கள், தபால் நிலையம் வரை எப்படித்தான் நடக்கிறார்களோ!

மாடியில் இயக்குநர் இருக்கிறார். கிடங்குக்குள் தூசி அதிகம் என்பதால் அவர் மேலிருந்தே சேவை செய்கிறார். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமாம்மா?" என்று ஒருமுறை அக்காவுக்கு உபதேசம் செய்தாராம். "பல்லு பாக்கலை சார். உயிரோட இருக்கான்னுதான் பாக்குறேன்" என்றாராம் இவர். அன்றிலிருந்து இயக்குநர் பழமொழி சொல்வதில்லை.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. துணிக்கடையில் பதினெட்டு வருடம் சேலை மடித்த கை. வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். மனைவி மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவை, வாரத்தில் மூன்று நாள் சைக்கிளில் கொண்டுவந்து கொடுப்பார். "கத்திரிக்கா வாங்கினா வேணாம், முருங்கக்கா வாங்கினா வேணாம். என்னை மட்டும் எப்படி சரின்னு சொன்னாளோ!" என்று அவர் என்னிடம் அங்கலாய்த்தார். "அன்னைக்கு லைட்டு சரியில்லை" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

வேணாம் என்பதிலும் அவருக்கு ஒரு தரம் உண்டு. சாயம் போனது, கிழிந்தது எல்லாம் சாதாரண வேணாம். பொம்மைத் துப்பாக்கியும் மிலிட்டரி டிசைன் துணியும் மட்டும் வேறு. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகப் போட்ட சட்டை எதையாவது பார்த்துவிட்டால், கத்தரிக்கோலை எடுத்து நாலாக வெட்டித்தான் போடுவார். 'என்னக்கா, துணி மேல இவ்வளவு கோபம்?' என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"போன குளிருக்கு முந்தின குளிர் தம்பி. இந்த மாதிரிச் சட்டை ஒரு கட்டு வந்துச்சு. புத்தம் புதுசு. பிள்ளைங்க ஆசையாப் போடும்னு நானேதான் மடிச்சு அனுப்பினேன். பதினாலு வயசுப் பொண்ணு ஒருத்தி அதைப் போட்டுக்கிட்டுத் தண்ணி எடுக்கப் போயிருக்கா. தூரத்துலருந்து பாத்தவன் பட்டாளத்து ஆளுன்னு நெனைச்சுட்டான். நம்ம லாரி டிரைவர் வந்து சொன்னாரு. உயிரோட இருக்காளான்னு கேட்டேன். அவரு டயரைத் தட்டிப் பாத்துக்கிட்டே இருந்தாரு." தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "இந்தக் கைதான் மடிச்சுது."

கையிலிருந்த நோட்டை மூடினேன். நான் கேட்க வந்தது, அக்காவின் பொழுதுபோக்கு என்ன என்று.

நான் மறுபடி போன வியாழக்கிழமை, கிடங்கு முற்றம் அமர்க்களப்பட்டது. சண்டை போடும் இரண்டு தரப்பும் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை சுடாமல் இருக்கப் பெரிய மனது பண்ணிச் சம்மதித்திருந்தார்கள். அந்த மூன்று மணி நேரத்துக்குள் லாரி பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். லாரியில் பாதி கம்பளி. மீதிப் பாதியில் ஏற்ற, ஒரு துணி ஆலை முதலாளி நானூறு ஜாக்கெட் அனுப்பியிருந்தார். சின்ன சைஸ், பெரிய சைஸ், தலையை மூடும் தொப்பியோடு, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த அருமையான ஜாக்கெட். நானூறும் மிலிட்டரி டிசைன்.

"வேணாம் சார்" என்றார் அக்கா.

இயக்குநர் தூசியையும் பொருட்படுத்தாமல் கீழே இறங்கி வந்திருந்தார். "அம்மா, அங்க பிள்ளைங்க குளிர்ல நடுங்குது. உங்களுக்கு டிசைன் பிடிக்கலையா?"

"நடுங்குற பிள்ளைக்குக் கம்பளி அனுப்பலாம் சார். செத்த பிள்ளைக்கு எதை அனுப்புறது?"

"அபசகுனமாப் பேசாதீங்க. முதலாளி வந்துட்டாரு. போட்டோக்காரனும் வந்தாச்சு. ஏத்துங்கப்பா!" மணி பன்னிரண்டே கால். சுமை தூக்குகிறவர்கள் அக்காவையும் இயக்குநரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சம்பளம் கொடுப்பவர் பக்கம்தான் கடைசியில் கால் நகர்ந்தது. பத்து மூட்டை ஏறியும் விட்டது.

முதலாளி நல்ல மனிதர்தான், அதையும் சொல்ல வேண்டும். போட்டோவுக்காகத் தன் பன்னிரண்டு வயதுப் பேத்திக்கு அதே ஜாக்கெட்டை மாட்டி அழைத்து வந்திருந்தார். வளர்த்தியான பெண், அக்காவின் காது வரை இருந்தாள். தூறல் போட்டுக்கொண்டிருந்ததால் கையில் மடக்கிய நீளக் குடை.

அக்கா அவளிடம் போனார். "கண்ணு, தொப்பியைத் தலைக்கு மேல இழுத்து விட்டுக்கோ. அதோ கடைசில புதர் தெரியுதுல்ல, அங்க போய் நில்லு." விளையாட்டு என்று நினைத்து அவள் ஓடினாள். முற்றம் இருநூறு அடிக்குக் குறையாது. புதருக்கு முன்னால் போய்த் திரும்பி நின்றாள்.

"ஐயா, இங்கருந்து பாருங்க. அங்க நிக்கிறவங்களுக்கு எத்தனை வயசு?"

"என்னம்மா கேள்வி இது? என் பேத்தி. பன்னெண்டு."

"உங்களுக்குத் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியோட நிக்கிறவனுக்கு யாருங்கய்யா சொல்றது?"

முதலாளி பார்த்தார். நானும் பார்த்தேன். முகம் தெரியவில்லை. பச்சைத் திட்டுகள் புதரோடு புதராகப் போயிருந்தன. அந்தப் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாளோ என்னவோ, கையிலிருந்த குடையை உயர்த்தி ஆட்டினாள். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் "ஐயோ" என்றார், மெதுவாக.

"வாம்மா!" என்று முதலாளி கத்தினார். அவள் ஓடி வரத் தொடங்கியதும், "ஓடாதே! ஓடாதேடி! நடந்து வா!" என்று இன்னும் பலமாகக் கத்தினார். கிடங்கு முற்றம், நட்ட நடுப் பகல், சுற்றிலும் தெரிந்த மனிதர்கள். ஆனாலும் அவர் குரல் உடைந்தது. வந்தவளின் ஜிப்பை அவரே இழுத்தார். அது இரண்டு தடவை மாட்டிக்கொண்டது.

"இறக்குங்க எல்லாத்தையும்" என்றார் யாரையும் பார்க்காமல்.

இயக்குநர் போட்டோக்காரனை மாடிக்கு அனுப்பிவிட்டார். மூட்டைகள் இறங்கின. ஜாக்கெட்டுக்காகப் பின்னுக்குத் தள்ளியிருந்த கம்பளிகள் ஏறின. பன்னிரண்டு ஐம்பதுக்கு லாரி கிளம்பியது.

ஜாக்கெட்டைக் கழற்றிய பெண்ணுக்குப் பல் கிட்டித்தது. அக்கா தான் போட்டிருந்த ஸ்வெட்டரைத் தலை வழியே உருவினார். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம், வாசலுக்கு வெளியே நின்றாலும் தெரியும். அதை அவளுக்கு மாட்டி, கையை மடித்துவிட்டு, நாலு எட்டு பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு இன்னும் நாலு எட்டு. அப்புறம் லாரி போன வாசல் வரைக்கும் பின்புறமாகவே நடந்து போய், அங்கிருந்து அவளைப் பார்த்தார்.