சிரிக்காத அம்மாவின் கவிதையும் பலெர்மோவில் ஒரு வியாழக்கிழமையும்

மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள் எழுதும் கவிதைகள் என்றால் எனக்குப் பைத்தியம். திராட்சை பறிப்பவர்கள், தட்டுக் கழுவுபவர்கள், வீடு துடைப்பவர்கள் எல்லாரும் அவற்றில் இருப்பார்கள். அப்படி எழுதும் ஒருவர் இத்தாலியில், பலெர்மோ நகரில் வாசிக்கிறார் என்று தெரிந்ததும், சென்ற அக்டோபரில் மதுரையிலிருந்து மூட்டை கட்டிவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து நகரம் 35 கிலோமீட்டர். பேருந்தில் 50 நிமிடம், எட்டு யூரோ. கால்சா என்ற பழைய பகுதியில் ரீற்றா அக்கா வீட்டில் ஓர் அறை, நாளுக்கு முப்பது யூரோ. அக்கா மன்னார்க்காரர். பதினெட்டு வருடமாக ஒரே வீட்டில் வேலை செய்கிறார்.

"கவிதை கேட்க வர்றீங்களாக்கா?"

"வியாழன் பின்னேரம்தானே? ஓம், வாறன்."

இங்கே வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழன் பிற்பகல் ஓய்வு. நான்கு மணிக்குப் போனால் அரங்கில் பாதிப்பேர் அவர்கள்தான்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா என் கையைக் கிள்ளினார்.

"அங்கை முன்வரிசையிலை என்ரை சிஞ்ஞோரா இருக்கிறா. பெர்மெஸ்ஸோ கடதாசியிலை நாளைக்கு அவதான் கையெழுத்து வைக்கவேணும்."

சிஞ்ஞோரா என்றால் எஜமானியம்மா. பெர்மெஸ்ஸோ என்பது தங்கும் அனுமதி; அது இல்லாவிட்டால் இத்தாலியில் இருக்க முடியாது.

கவிஞர் தன் அம்மாவைப் பற்றி வாசித்தார்: அடுத்தவர் வீட்டுத் தரை, தேய்ந்த முழங்கால், வாய் திறக்காத வருடங்கள். இத்தாலிய மொழிபெயர்ப்பையும் கூடவே வாசித்தார்கள். நான் அழுதேவிட்டேன். கேள்வி நேரத்தில் ரீற்றா அக்கா எழுந்து இத்தாலிய மொழியில் மளமளவென்று பேசினார். அரங்கமே குலுங்கிச் சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் மட்டும் அசையவில்லை.

"என்னக்கா சொன்னீங்க?"

"உங்கட அம்மா ஒருநாளும் சிரிக்கேல்லையோ எண்டு கேட்டன். சிஞ்ஞோரா வெளியிலை போனதும் அவவின்ரை பச்சைப் பட்டுச் சட்டையைப் போட்டு, கண்ணாடிக்கு முன்னாலை அவவைப்போலை நடந்து பாப்பன் எண்டும் சொல்லிப்போட்டன். ஐயோ, வாய் சும்மா கிடக்கேல்லை, தங்கச்சி."

கவிஞர் மேடையை விட்டு இறங்கி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டார். அவருடைய அம்மாவும் முதலாளியம்மாவின் தொப்பியைப் போட்டு ஆடுவாராம். அதை எழுதினால் அம்மாவின் கஷ்டத்தை யாரும் நம்பமாட்டார்கள் என்று விட்டுவிட்டாராம். சிஞ்ஞோரா எங்களைப் பார்க்காமலே வெளியேறினார். நாளைய கையெழுத்து போச்சு என்றுதான் நினைத்தேன்.

அழுவதற்காகவே இத்தனை நாள் இந்தக் கவிதைகளைப் படித்திருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: அக்டோபர் நல்ல மாதம், குடை அவசியம். வியாழக்கிழமை வாசிப்பென்றால் அரை மணி முன்னதாகப் போய் இடம் பிடியுங்கள். முன்வரிசை வேண்டாம், சிரிப்பெல்லாம் பின்னால்தான்.

மறுநாள் மதியம் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"தங்கச்சி, கையெழுத்து வைச்சிட்டா. அலுமாரியையும் பூட்டிட்டா."