கண்டியில் கிடைத்த நோயின் பெயர்

காலை ஐந்தரைக்கு லிந்துலையிலிருந்து கிளம்பினோம். கையில் ஒரு குடை. சாப்பாட்டுப் பெட்டியில் கோதுமை மா ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டச்சம்பலும். நான் தலவாக்கலையில் பேக்கரி வேலை செய்பவன். மனைவி புவனா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய ரத்தப் பரிசோதனைக்கும், குடலில் கிள்ளி எடுத்த சதைத் துணுக்குக்கும் அன்றுதான் கண்டியில் முடிவு சொல்வார்கள்.

ஹட்டனில் கண்டி பஸ் பிடித்தோம். ஏறக்குறைய மூன்று மணிநேரப் பயணம், வளைவுக்கு மேல் வளைவு. புவனாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது.

இரண்டு வருடமாக அவளுக்கு வயிற்றுப்போக்கு, ரத்தக்குறைவு, இளைப்பு. ரொட்டி சாப்பிட்டால்தான் இப்படி ஆகிறதென்று அவளாகவே கண்டுபிடித்து, சாப்பிடுவதை நிறுத்தினாள். உடம்பும் தேறியது. ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் காலையிலும் ரொட்டி, கொழுந்து மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி. அது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

"நாளைக்கு பச்சத்தண்ணியும் ஒத்துக்கலன்னு சொல்லுவா" என்றார் பக்கத்து வீட்டுக் காமாட்சியக்கா. முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. அதோடு புவனாவுக்கு வேலைக்கள்ளி என்ற பட்டமும் கிடைத்தது.

பிறகு காட்டிய கண்டி டொக்டர்தான் விஷயத்தை விளக்கினார். கோதுமை உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தால்தான் ரத்தத்தில் அடையாளம் தெரியுமாம். மாதக்கணக்கில் ரொட்டியை விட்டுவிட்டுப் போனால் பரிசோதனை எதைக் காட்டும்? தினமும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், முடிவு தெரியும்வரை நிறுத்த வேண்டாம் என்றார். அன்றிலிருந்து, வலிக்கும் என்று தெரிந்தே தினமும் சாப்பிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலைக்கும் போனாள். எனக்கோ பேக்கரியில் மா பிசையவே கை வரவில்லை.

எட்டரை மணி போல கினிகத்தேனையில் பஸ் நின்றது. புவனா பெட்டியைத் திறந்தாள். இரண்டு வாய் தின்றதும் முகம் சுருங்கியது. முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தார் ஒரு முஸ்லிம் பெரியவர். ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கிறாராம்; அண்ணன் முறையில் அவரை 'நானா' என்று அழைத்தாள் புவனா.

"வயிறு சரியில்லன்னா ஏன் தங்கச்சி சாப்பிடுறீங்க?"

"டொக்டர் சாப்பிடச் சொல்லியிருக்காருங்க நானா. இன்னைக்கு விட்டுட்டா, மறுபடி மொதல்லருந்து வரச் சொன்னாலும் சொல்லுவாங்க."

"ரொட்டி தின்னச் சொல்ற டொக்டர இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன்" என்று சிரித்தவர், அவள் முழு ரொட்டியையும் முடிப்பதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினார்.

நாவலப்பிட்டி தாண்டியதும் புழுக்கம். கண்டியில் இறங்கும்போது நான் வியர்வையில் நனைந்திருந்தேன். புவனா மட்டும் சால்வையைப் போர்த்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். போர்த்தியது குளிரினால் இல்லை. இந்தத் தடவையும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் எந்த முகத்தோடு லயத்துக்குத் திரும்புவது என்ற பயம்.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். டொக்டர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். நோயின் பெயர் சீலியாக். கோதுமையில் இருக்கும் ஒரு சத்து அவள் குடலை அரிக்கிறது. ரொட்டி, பாண், பிஸ்கட் எல்லாம் இன்றோடு சரி, வாழ்நாள் முழுக்க. சோறு தாராளமாகச் சாப்பிடலாம்.

"அப்ப நான் பொய் சொல்லலதானே, சேர்?" என்று சிங்களத்தில் கேட்டாள் புவனா.

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "இல்லை. நீங்கள் பொறுத்துக்கொண்டு சாப்பிட்டதால்தான் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது."

வெளியே வந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் நெஞ்சு நிறைந்திருந்தது. கண்டியில் பார்க்க வாவி இருக்கிறது, மாளிகை இருக்கிறது என்பார்கள். நான் பஸ் ஏறும்வரை என் பெண்டாட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்கு லயத்துக்கு வந்து சேர்ந்தோம். கண்டியில் வெயில் காய்ந்த உடம்புக்கு எங்கள் ஊர்க் குளிர் சுகமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் அன்று அடுப்பு மூட்ட விடமாட்டார்கள், அக்கம்பக்கத்தில்தான் சாப்பாடு. காமாட்சியக்கா சூடான ரொட்டித் தட்டோடு வாசலில் நின்றார்.

"என்னாடி சொன்னாங்க? மொதல்ல சாப்புடு."

"வேணாங்க்கா. எனக்கு சீலியாக். ரொட்டி ஆகவே ஆகாது. கண்டி டொக்டரே சொல்லிட்டாரு."

கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். தன் நோயை இவ்வளவு நிமிர்ந்து சொன்ன ஒருத்தியை நான் பார்த்ததில்லை. காமாட்சியக்கா தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தட்டை என் கையில் திணித்துவிட்டு அவள் தோளைப் பிடித்தார்.

"அப்ப சோறு ஆக்கவா?"

"ஆக்குங்கக்கா. பசிக்குது."