கழுத்தின் மேல் உட்கார்ந்தவர்

சோலைமலைக்குக் குதிரையைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்று தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் சொல்வார்கள். மனைவி பிரியந்தி கொழுந்தெடுக்கப் போவாள். அவர் நுவரெலியா வாவிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி நடத்திப் போவார். குதிரைகள் கணேசமூர்த்தி முதலாளியுடையவை. அவற்றில் செம்பழுப்பு நிறக் குதிரை ஒன்றுக்குத் 'துரை' என்று பெயர். அது தலையை நிமிர்த்தி நடப்பதைப் பார்த்துச் சோலைமலை வைத்த பெயர்தான். மற்றவர்கள் கொடுப்பதை முகர்ந்து பார்த்துத் தின்னும் துரை, அவர் கையிலிருந்து கரட் கிழங்கைக் கண்ணை மூடிக்கொண்டு தின்னும்.

போன வருஷம் ஏப்ரல் சீசனில் ஒரு பெட்டைக் குதிரையைக் கண்டதும் துரை முன்னங்காலைத் தூக்கிப் பாய்ந்தது. முதுகிலிருந்த சிறுமி விழுந்து கை முறிந்தது.

"காயடிச்சிட வேண்டியதுதான்" என்றார் முதலாளி.

"மிருக டொக்டர் வரட்டும் மொதலாளி. ஊசி போட்டுச் செய்வாங்க."

"அவங்க வர்றதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும். நோர்வூட்ல மாட்டுக்குச் செய்யிற ஆள் இருக்காரு. சட்டுனு முடிச்சிருவாரு."

அந்த ஆள் வந்தார். வேறு யார் பிடித்தாலும் துரை படுக்காது. அதனால் சோலைமலையே கயிறு கட்டிப் படுக்க வைத்தார். கண்ணைச் சாக்கால் மூடிவிட்டுக் கழுத்தின் மேல் உட்கார்ந்தார். மரத்துப்போக மருந்து எதுவும் கிடையாது. வெட்டு விழுந்தபோது துரை ஒரே ஒரு தடவை அலறியது. பிறகு சத்தமே இல்லை. அவருடைய தொடைக்கடியில் அதன் கழுத்து நரம்பு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. "ஒன்னுமில்லடா, ஒன்னுமில்ல" என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

காயம் ஆறியது. துரை சாதுவாகிவிட்டது. யார் ஏறினாலும் நின்றது. வெட்டின ஆள் பிறகொரு நாள் வந்து தட்டிக்கொடுத்தபோதும் பேசாமல் நின்றது. சோலைமலை கிட்டே போனால் மட்டும் உடம்பெல்லாம் நடுங்கி, நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. அன்று கண் மூடப்பட்டுக் கிடந்த அதற்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய வாடையும் குரலும்தான்.

சட்டையை மாற்றிப் பார்த்தார். சவர்க்காரம் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனார். வாய் திறக்காமல் போனார். துரை நடுங்கியது.

சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவர் தொடையைத் தடவுவதைப் பிரியந்தி கவனித்தாள்.

"கால் வலிக்குதாங்க?"

"இன்னும் துடிக்குது" என்றார்.

இந்த வருஷம் ஓர் இளங்குதிரைக்குக் காயடிக்கும் முறை வந்தது. சோலைமலை கயிற்றைத் தொடவில்லை.

"டொக்டர் வந்தாத்தான் மொதலாளி. இல்லாட்டி வேற ஆளப் பாருங்க."

முதலாளி திட்டினார். ஆனால் துரை நடுங்குவதை அவரும் பார்த்திருந்தார். மிருக வைத்தியர் நிலக்ஷியை அழைத்தார். ஊசி போட்டதும் குதிரை மெல்லச் சரிந்து தூங்கியது. எழுந்தபின் கொஞ்சம் தள்ளாடியது. பொழுது சாயும்போது புல் தின்றது.

கை கழுவிக்கொண்டிருந்த நிலக்ஷியிடம் சோலைமலை போனார்.

"வலிக்காம செஞ்சீங்க மிஸ். ஆனா அதுகிட்ட யாரும் கேக்கலையே."

"செய்யாட்டி காலம் பூரா தனியாக் கட்டி வைப்பாங்க. மத்த குதிரைங்க பக்கத்துலயே விடமாட்டாங்க. அதுவும் பாவம்தானே" என்றார் நிலக்ஷி. கையைத் துடைத்துக்கொண்டே, "நம்ம வசதிக்குத்தான் செய்றோம். இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

"தொரை மறந்துருமா?"

"தெரியலைங்க."

இப்போது சோலைமலை அந்த இளங்குதிரையை நடத்துகிறார். துரையை வேறொருவர் நடத்துகிறார். வாவிக்கரைப் பாதையில் அது எதிரே வருவதைக் கண்டால், தன் குதிரையைத் திருப்பிச் சுற்றுவழியில் கொண்டுபோகிறார்.

"ஏன் திரும்பிட்டீங்க?" என்று குதிரை மேல் இருப்பவர்கள் கேட்பார்கள்.

"அதுக்கு வழி விடணுங்க" என்பார்.