என் நம்பருக்கு நானே போட்ட போன்

போன வாரம் என் பழைய நம்பருக்கு நானே போன் போட்டேன். போட்ட உடனே எடுத்தார்கள்.

"எந்த ஊருங்க? எந்த ஓடைங்க?"

ஹலோ இல்லை, வணக்கம் இல்லை. நேரே ஓடைக்கு வந்துவிட்டார் மேரி.

"மேரி, நான்தான்..."

"தெரியுதுங்கண்ணா. எந்த ஓடைன்னு சொல்லுங்க."

சொல்கிறேன். ஆனால் என் நம்பர் எப்படி மேரியிடம் போனது என்பதை முதலில் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் ஓரிடத்தில் இருக்கிறவன் இல்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். லாரியில் கிளீனராக இருந்தேன். பிறகு போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் ஏறி மாநிலம் மாநிலமாகச் சுற்றினேன். வண்டிக்கு அடியில்தான் படுக்கை. கஷ்டமா என்று கேட்டால்... எல்லோரும் அப்படித்தான் படுத்தார்கள், நானும் படுத்தேன்.

ஒரு தடவை எங்கள் நாமக்கல் பக்கமே வேலை வந்தது. வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். போர் போட்டால் கீழேயிருந்து இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வருகிறது. சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர்! தோட்டக்காரர் அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். "இன்னுங் கொஞ்சம் ஆழமா ஓட்டிப் பாருங்க சாமி" என்றார். ஓட்டினோம். நிறம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அதோடு ரிக் வேலையை விட்டுவிட்டேன். சங்கம் ஆரம்பித்தது அப்படித்தான்.

சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நான், ஒரு ஜோல்னாப் பை, ஒரு போன். அவ்வளவுதான். 'கழிவு கொட்டினால் கூப்பிடுங்கள்' என்று என் நம்பரைப் போட்டு, பார்த்த சுவரிலெல்லாம் பெயின்டால் எழுதி வைத்தேன். ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூர் வரைக்கும் தண்ணீர்த் தொட்டி, பஸ் ஸ்டாப், மளிகைக்கடை, ஒன்றையும் விடவில்லை.

கொட்டுகிறவர்கள் இடம் பார்த்துத்தான் கொட்டுவார்கள். மாடி வீடும் கேமராவும் இருக்கிற தெருப்பக்கம் வண்டி போகவே போகாது. காலனிக்குப் பின்னால் உள்ள ஓடை, சுடுகாட்டுப் பாதை, கேட்க ஆளில்லை என்று அவர்கள் நினைக்கிற இடம்... அங்கேதான் ஹோஸ் இறங்கும். கேட்க ஆள் உண்டு என்று காட்டுவதுதான் எங்கள் வேலை.

காட்டினேன். கூப்பிட்டார்கள், ஓடினேன். லாரிக்கு முன்னால் போய் நின்று கத்தினேன். டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தான். ஊர் கை தட்டியது. பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.

சங்கத்தில் ஆட்கள் சேரச் சேர, பேச்சும் சேர்ந்தது. இந்த வருஷக் கூட்டத்தில் எங்கள் பொருளாளர் காதர் பாய் நேராகவே கேட்டுவிட்டார். ராசிபுரத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர். வார்த்தையும் இரும்பு மாதிரிதான் விழும்.

"ஏனுங்க, காலைல சேலம்ங்கிறீங்க, மத்தியானம் நாமக்கல்ங்கிறீங்க, சாயங்காலம் எங்கீன்னு உங்களுக்கே தெரியாது. பஸ்ல தூங்கிட்டா போனும் எடுக்கறதில்லை. ஒரே ஆளு ஓடறதுக்குப் பேரு சங்கம் இல்லீங்க, அது ஓட்டப்பந்தயம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

ஊருக்கு ஊர் தனிக் குழு, அந்தந்த ஊர்ப் பிரச்சினையை அந்தந்தக் குழுவே முடிவு செய்யும், எல்லாவற்றையும் இணைத்துப் பார்க்க மேரி என்று முடிவானது. ஆரோக்கியமேரி சேலத்துக்காரர். லாரி புக்கிங் ஆபீசில் பல வருஷம் போன் எடுத்தவர். எந்த லாரி எங்கே நிற்கிறது என்று நான்கு டிரைவர்களிடம் ஒரே நேரத்தில் பேசிக் கண்டுபிடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் பூசை நேரத்தில் மட்டும் போன் காதர் பாயிடம் இருக்கும் என்பது ஏற்பாடு.

எல்லாம் சரி, அந்த நம்பர்? அத்தனை சுவரையும் அழித்து எழுத வேண்டுமே!

"நம்பரை மாத்த முடியாது. ஆளை மாத்திரலாம்" என்றார் காதர் பாய்.

அங்கேயே ஒரு ஊக்கை வாங்கி, போனிலிருந்து சிம்மைக் கழற்றி மேரியின் கையில் கொடுத்தேன். பெரிய தியாகி மாதிரி ஒரு நினைப்பு வேறு.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது, நான் கொடுத்தது சங்கத்தின் நம்பரை மட்டும் இல்லை. என் குடும்பத்தையே தூக்கிக் கொடுத்திருக்கிறேன். பேங்க்கில் ஓ.டி.பி. கேட்டால் மேரிக்குப் போகிறது. கேஸ் சிலிண்டர் வந்தால் மேரிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. என் அக்கா எனக்குப் போன் செய்து, மேரியோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு, நான் எப்படி இருக்கிறேன் என்றே கேட்காமல் வைத்திருக்கிறாள்.

ஒரு நாள் மேரி என் புது நம்பருக்குக் கூப்பிட்டார். "அண்ணா, உங்களுக்குச் சக்கரை ஏறியிருக்குதாம். லேப்ல இருந்து சொன்னாங்க. இனிமே டீயில போடாதீங்க."

சத்தீஸ்கரிலிருந்து என் பழைய ரிக் சிநேகிதன் ஒருவன் பேசியிருக்கிறான். அவன் எப்போதும் கெட்ட வார்த்தையில்தான் ஆரம்பிப்பான், அது அவனுக்கு வணக்கம் மாதிரி. மேரி அவன் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த ஊருங்க? எந்த ஓடைங்க?" என்றிருக்கிறார். அதற்குப் பிறகு அவன் எந்த நம்பருக்கும் மரியாதையாகத்தான் பேசுகிறானாம்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். முதல் சில வாரங்கள் மேரிக்குச் சிரிக்கிற மாதிரி இல்லை. போன் வரும். பெண் குரல் கேட்டதும், "அவரு இல்லீங்களா? செரி, அப்பறமாப் பண்றேன்" என்று வைத்துவிடுவார்கள். அப்புறம் பண்ணவே மாட்டார்கள். அப்படி வைக்கிற ஒவ்வொரு போனுக்கும் எங்கேயோ ஒரு ஓடையில் ஒரு வண்டி நிம்மதியாகக் காலியாகிக்கொண்டிருக்கும்.

இதைக் காதர் பாய் சொன்னபோது எனக்கு வருத்தமாக இருந்தது. உள்ளுக்குள் துளி சந்தோஷமும் இருந்தது. மனிதன் அப்படித்தானே?

மேரி ஒரு வழி கண்டுபிடித்தார். ஹலோவை நிறுத்திவிட்டார். யார் என்று அவர்கள் யோசிப்பதற்குள் கேள்வியைப் போட்டுவிடுவார். "புக்கிங் ஆபீஸ் பழக்கங்கண்ணா. கேள்வி கேட்டுப்போட்டா ஆளு பதில் சொல்லித்தானே ஆகோணும்?" சொன்னார்கள். போன்கள் நிற்கவில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். போனை எடுக்கலாம், வண்டியை மறிக்க வேண்டாமா? நான் போகாமல் அது நடக்குமா? நடக்கவில்லை என்றால் இத்தனை நாள் கட்டியதெல்லாம் வெறும் சுவர் எழுத்துத்தானா?

போன வாரத்துக்கு வருகிறேன். எனக்கு வேலை ஒன்றுமில்லை. நாமக்கல்லில் நின்றுகொண்டிருந்தேன், எருமப்பட்டி பஸ் வந்தது, ஏறிவிட்டேன். வழியில் ஒரு காலனி தாண்டியதும் ஜன்னல் வழியாகப் பார்த்தால்... ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு டேங்கர் லாரி. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். புளித்த நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டேன். மேரியைக் கூப்பிட்டு, அவர் கேட்ட ஊரையும் ஓடையையும் முதலில் சொன்னேன்.

"ஜவ்வரிசி ஆலைக் கழிவு மேரி. ஹோஸை எறக்கிட்டான்."

"தண்ணி ஓடுதுங்களா, தேங்குதுங்களா?"

"காஞ்ச ஓடை. பள்ளத்துல தேங்குது."

"நல்லதுங்கண்ணா. நீங்க என்ன பண்றீங்க?"

"என்ன பண்றதா? வண்டிக்கு முன்னாடி போய் நிக்கப் போறேன்."

"வேண்டாங்கண்ணா. பக்கத்துல மரம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒரு புளியமரம் இருக்குது."

"அதுக்கடியில போய் உக்காருங்க. ஆள் வாராங்க."

"எருமப்பட்டிப் பக்கம் நமக்கு ஏது மேரி ஆளு?"

"உங்களுக்கு இல்லீங்கண்ணா. சங்கத்துக்கு இருக்குது." வைத்துவிட்டார்.

உட்கார்ந்தேன். உட்காருவது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கால் தானாக லாரியைப் பார்த்து எழுகிறது. வண்டி கிளம்பிவிட்டால்?

கிளம்பவில்லை. அதற்குள் இரண்டு மொபெட்டுகள் வந்தன, வண்டிக்கு இரண்டு பெண்கள். ஒன்றை லாரிக்கு முன்னால் நிறுத்தினார்கள், இன்னொன்றைப் பின்னால். சத்தமே இல்லை. ஒருவர் போனில் வீடியோ எடுத்தார். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்த ஒருவர் — கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், பெயர் பழனியம்மா என்று பிறகு தெரிந்தது — டிரைவரிடம் போனார்.

"ஏஞ்சாமி, சாப்பிட்டியா?"

"நான் வெறும் டிரைவருங்க்கா. ஓனர் சொன்னாரு, ஊத்தறேன். வழிய உடுங்க, போயிர்றேன்."

என் காலத்தில் இதுதான் வெற்றி. இந்த இடத்தில்தான் கை தட்டுவார்கள்.

"நீ போயிருவே. இதை யாரு எடுக்கறது?" என்றார் பழனியம்மா. "இது உறிஞ்சற மோட்டாருந்தானே? எங்க ஊட்டுக் கக்கூஸ் தொட்டிக்கு வந்ததும் இதே மாதிரி வண்டிதான். திருப்பிப் போடு சாமி."

"மண்ணு ஏறுமுங்க்கா. மோட்டார் போயிரும்."

"மோட்டார் போனா மாத்திக்கலாம். எங்க கெணறு போனா?"

டிரைவர் ஓனருக்குப் போன் போட்டான். அவர் கத்தியது எனக்கே கேட்டது. பழனியம்மா போனை வாங்கி, வீடியோ எடுத்தாயிற்று, வி.ஏ.ஓ.வுக்கும் சொல்லியாயிற்று என்று இரண்டே வாக்கியம் பேசிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மோட்டார் திருப்பிப் போடப்பட்டது. கொட்டிய அதே ஹோஸ் பள்ளத்திலிருந்து கழிவை உறிஞ்ச ஆரம்பித்தது.

முழுதும் ஏறவில்லை. மண் குடித்தது போக மிச்சம்தான் ஏறியது. ஆனாலும் பள்ளத்தின் அடி தெரிகிறவரை அவர்கள் நகரவில்லை. நடுவில் ஒருவர் டிரைவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பாவம், அவனும் ஏதோ ஒரு காலனியிலிருந்துதான் வேலைக்கு வந்திருப்பான்.

புளியமரத்தடியில் நான் உட்கார்ந்திருந்தேன். எத்தனை லாரிகளை விரட்டியிருப்பேன்! ஒன்றையாவது திரும்ப உறிஞ்சச் சொன்னேனா? தோன்றவே இல்லை. விரட்டினேன், பஸ் ஏறினேன். நாற்றத்தோடு அங்கேயே இருந்தவர்கள் அவர்கள். விரட்டுகிறவன் கண்ணுக்கு லாரிதான் தெரியும்; குடியிருக்கிறவள் கண்ணுக்குத்தான் பள்ளம் தெரியும்.

ஒரே ஆளை நம்பியிருக்கிற அமைப்பை மாற்றுவது பற்றிச் சேலத்தில் சங்கக்காரர்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் நாள் முழுக்கப் பேசினார்கள். திரையில் படமெல்லாம் காட்டினார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. மரத்தடியில் புரிந்தது. இனி நான் பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கலாம்.

லாரி போன பிறகு பழனியம்மா என்னிடம் வந்தார்.

"போன் பண்ணுனது நீங்களுங்களா?"

"ஆமாங்க."

"நெம்ப சந்தோசமுங்க. வழியில போறவங்க நமக்கென்னன்னு போயிருவாங்க. வெள்ளிக்கெழம சாயங்காலம் எங்க சங்கத்துக் கூட்டம் இருக்குது, வாங்க. புது ஆளுன்னு கூச்சப்படாதீங்க. சும்மா உக்காந்து கேட்டாலே போதும்."

"வாரேனுங்க" என்றேன்.

சங்கக் கூட்டத்துக்கு ஊரைக் கூப்பிட்டே பழகியவன் நான்; இத்தனை வருஷத்தில் என்னை ஒருவர் கூட்டத்துக்குக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை!