கரையூர்ப் பூனைக்குச் சைவச் சாப்பாடு

ஆங்கில அகராதியைத் திறந்தேன். எஸ் எழுத்தில் பாதியை எலி தின்றிருந்தது. சோதனைக்கு இன்னும் இரண்டே மாதம். பூனை வேண்டும் என்று, அந்தக் கிழிந்த தாள் கையில் இருக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். எதையும் இரண்டு நாள் போட்டு யோசிக்கும் பழக்கம் எனக்கில்லை.

கரையூரில் வேலையிலிருந்து இளைப்பாறிய ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை மிஸி என்பார்கள். மீன்சந்தையில் சாக்கோடு எறிந்துவிட்டுப் போகும் பூனைகளை எடுத்துவந்து தன் வீட்டு வளவில் வைத்துப் பார்க்கிறவர். கேட்டால் தருவார், ஆனால் லேசில் தரமாட்டார் என்று என்னோடு படிக்கிறவள் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை அண்ணையை இழுத்துக்கொண்டு எங்கள் ஊர் அச்சுவேலியில் பஸ் ஏறினேன்.

மிஸி வேலிப் படலையிலேயே விசாரணையைத் தொடங்கினார்.

"வீட்டிலை நாய் நிக்குதோ?"

"இல்லை மிஸி."

"கோழி?"

"நாங்கள் வளர்க்கிறேல்லை."

"மூச்சு இழுப்பு வருத்தக்காரர் ஆரும்?"

"இல்லை."

"நீ படிக்கப் போனால் இதை ஆர் பாக்கிறது?"

"அம்மா."

"அம்மாவைக் கேட்டனியோ?"

"ஓம்" என்றேன். கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணை இருமினார்.

"பத்து வருசம் சீவிக்கும் பிள்ளை. விளையாட்டுச் சாமான் இல்லை" என்று சொல்லி, காது கிழிந்த சாம்பல் பூனை ஒன்றைத் தந்தார். "உவள் பயந்தவள். ஒரு அறைக்குள்ளை விடு, தானாய் வருவாள்."

என்ன தின்னும் என்று அவர் சொல்லவில்லை. மீன் இல்லாத வீடு ஒன்று இருக்கும் என்று, மீன்பிடிக்கிற கிறிஸ்தவச் சனம் வாழும் கரையூரில் யார் நினைப்பார்கள்? நானும் கேட்கவில்லை. பூனை பால் குடிக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்குள் மீன் வந்ததேயில்லை.

முதல்நாள் பால்சோறு வைத்தேன். மணந்து பார்த்துவிட்டு நெற்பெட்டியின் கீழே போய்விட்டது. மறுநாள் தயிர்சோறு. நேற்று நெய் விட்ட பருப்பு. இன்று நாலாம் நாள். தண்ணீரை மட்டும் இரண்டு நக்கு நக்கியது. தடவினால் விலா எலும்பு கையில் படுகிறது. பசி வந்தால் எலி பிடிக்கும் என்று நம்பியிருந்தேன். பின்னேரம் ஓர் எலி அதன் மூக்குக்கு முன்னாலேயே ஓடியது. பூனை பார்த்துக்கொண்டே கிடந்தது.

அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியருகே இருக்கிறேன். ஒரு சொல்கூட மனதில் ஏறவில்லை. மூச்சு வருகிறதா என்று அடிக்கடி குனிந்து பார்க்கிறேன்.

"வேதக்காரப் பூனையைக் கொண்டுவந்து எங்கடை சோத்தைத் தின்னெண்டால் தின்னுமோ?" என்றார் அம்மா.

"தேவாரம் சொல்லிக் குடடி, சைவத்துக்கு வந்திடும்" என்றார் அண்ணை.

"சிரியாதேங்கோ அண்ணை. அது சாகப்போகுது."

அண்ணை சிரிப்பை நிறுத்தினார். "மீன் குடுத்தால் தின்னும்" என்றார் மெதுவாக.

"என்ரை அடுப்படிக்கு மீன் வந்தால் நான் பிறகு அங்கை உலை வைக்கமாட்டன்!" அம்மா குனிந்து பெட்டியின் கீழே பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது. "வாயில்லாச் சீவன். எண்டாலும் வளவுக்குள்ளை வேண்டாம்."

"வேலிக்கு அங்காலை?"

அம்மா உள்ளே போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை!

நாளைக் காலை சந்தைக்குப் போகிறேன். மீன் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. எந்த மீன், எப்படிக் கேட்பது, ஒன்றும் தெரியாது. ஊர்ச்சனம் பார்க்கும் என்று அண்ணை வரமாட்டாராம். சரி, தனியே போகிறேன். வேலிக்கு அப்பால் பனைகளுக்கு நடுவே மூன்று கல் வைத்து அவிக்கலாம். பிறகு கிணற்றடியில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன். அதையும் தின்னாவிட்டால் பூனையோடு பஸ் ஏறி, மிஸியிடம் பொய் சொன்னதையும் சொல்லிவிட வேண்டியதுதான். இவ்வளவு பசியோடு அது பஸ்ஸைத் தாங்குமா என்பதுதான் பயம்.

இப்போதைக்கு, மீன் அவிக்க ஒரு பழைய தகரப்பேணி தேடவேண்டும்.