அய்யாக்கண்ணுவின் வசந்தம்

கழுத்தில் கம்பளி மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு அய்யாக்கண்ணு காலையிலேயே வியர்த்துக்கொண்டிருந்தார். மார்ச் மாதத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளன்று, பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் தம் முடிதிருத்தும் கடையைத் திறந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, கேமரன் மலையில் வாங்கிய அந்த மஃப்ளரை வாசலில் நின்று கழற்றித் தெருவைப் பார்த்து உதறுவது.

"குளிர்காலம் முடிஞ்சிருச்சு லா! எல்லாரும் வெளிய வாங்க!"

பினாங்கில் குளிர்காலம் ஏது என்று எதிர்க்கடைப் பூக்காரி ரமணி கேட்டால், "எவ்வளவு சீக்கிரமா முடிஞ்சிருச்சு பாத்தியா?" என்பார்.

அன்று சவர நுரையால் கண்ணாடியில் பூ வரைவார். நாற்காலியில் கண்ணை மூடியிருப்பவர் மேல் தண்ணீர்க் குப்பியிலிருந்து 'வசந்த மழை' தூறும். முடிவெட்டக் காத்திருந்த என் மூக்குக்கண்ணாடி மேலும் பெய்தது. வழுக்கைத் தலைகளுக்குப் பவுடர் தட்டி, "புல்லு மொளைக்கட்டும்" என்று வாழ்த்துவார்.

அதற்குப் பிறகுதான் முட்டை. அந்த நாளில் முட்டை செங்குத்தாக நிற்கும் என்பது பக்கத்துச் சந்துச் சீனக் கிழவரிடம் அவர் கற்றுக்கொண்டது. ஆண்டுதோறும் அடுத்த கடை ஹைதரின் கோப்பிக் கடையில், மார்பிள் மேசை மேல், முட்டையை யார் நிறுத்துவது என்று அவருக்கும் ஹைதருக்கும் போட்டி நடக்கும்.

இந்த ஆண்டு கோப்பிக் கடை பூட்டிக் கிடந்தது. மனைவி நூருல் ஹுதா இறந்ததிலிருந்து ஹைதர் மாடியை விட்டு இறங்கவில்லை. கடையை விற்றுவிட்டு, பட்டர்வொர்த்தில் மகள் வீட்டோடு போய்விடப் போவதாகப் பேச்சு. துக்கம் கேட்கப் போன எங்களை மாடி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

அய்யாக்கண்ணு ஆறுதல் சொல்லப் போகவில்லை. ஹைதரின் ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டார். அதன் மேல் உப்பைக் குவித்து, நடுவில் முட்டையைச் செருகினார்.

"நின்னுருச்சு! இந்த வருசம் நாந்தான் ஜெயிச்சேன்! ஹைதர் அண்ணனுக்கு வயசாயிப் போச்சு, பாவம்!"

ஜன்னல் திறந்தது. "டேய், முட்டைக்கடியில என்னடா வெள்ளையா?"

"பனிண்ணே. இப்பதான் உருகிக்கிட்டு இருக்கு."

ரமணி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சரம் அறுந்தது. படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. பல நாள் தாடியும் கசங்கிய கைலியுமாக ஹைதர் வந்தார். குனிந்து ஒரே ஊதில் உப்பைப் பறக்கவிட்டார். முட்டை சாய்ந்தது.

"களவாணிப் பயலே! முட்டைய எடுத்துக்கிட்டு உள்ள வாடா. ஒரே ஒரு தடவ நிக்க வச்சுக் காட்டிட்டு மேல போயிடுவேன். அப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது."

"சத்தியமா கூப்பிடமாட்டேண்ணே."

இரும்புக் கதவு கிறீச்சிட்டு மேலே ஏறியது. ஹைதர் தோள்துண்டால் மேசைத் தூசியைத் துடைத்து, முட்டையை இரு கைகளாலும் பிடித்து நிறுத்தினார். கதவு திறந்திருப்பதைக் கண்டு இரண்டு பேர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, கோப்பி ரெண்டு."

"பொறுங்கப்பா, இது முடியட்டும்," என்றார் ஹைதர், தலை நிமிராமல்.

அவர் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. முட்டை நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்திருக்க, எதிரே உட்கார்ந்திருந்த அய்யாக்கண்ணு முழங்காலைத் தூக்கி, மேசையை அடியிலிருந்து மெல்ல ஓர் இடி இடித்தார்.