மருமகன் நீட்டிய சமாதானக் கடிதம்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் கல்முனையில் சொந்தமாக மூன்று கடை போட்டேன். என்னை ஏமாற்றியவர் கிடையாது. மருமகன் அடித்ததால் மகள் வழக்குப் போட்டாள். காசு வாங்காமல் அவளுக்கு உதவ வந்த சட்டத்தரணிப் பெண்ணைத்தான் நான் சந்தேகித்தேன்.

"சும்மா ஆரு வேல செய்வா? உள்ளுக்குள்ள என்னமோ இரிக்கி" என்று அவரை வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் மருமகன் கடிதத்தோடு வந்தான். "சமாதானமாப் போவம் மாமா. ஒங்கட மகள் ஒப்பம் வெச்சாச் சரி."

"வைங்க மகள்" என்றேன்.

"வாசிக்காம வெக்கமாட்டன் வாப்பா" என்றவள் உரக்க வாசித்தாள். நான் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீட்டை விட்டு அவளே வெளியேறச் சம்மதிப்பதாக அதில் எழுதியிருந்தது.

"இது ஆர்ட ஊடுடா?" என்றேன். கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு, அன்றே அந்தச் சட்டத்தரணியைத் தேடிப்போனேன்.

இப்போது ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் மகளோடு நீதிமன்றம் போகிறேன். யார் கடிதம் நீட்டினாலும் முதலில் அந்தச் சட்டத்தரணிதான் வாசிக்க வேண்டும். அவர் கதைக்கும்போது நான் வாய் திறப்பதில்லை.